சோபாக்காரரின் மனுச் செலவு

படியில் காலடிச் சத்தம் கேட்டால் சோபாக்காரரின் சுத்தியல் பாதியில் நின்றுவிடும். வாயில் ஏழெட்டு ஆணிகள் இருக்கும். உதட்டில் ஆணிகளை அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பதுதான் அந்தத் தொழிலில் பழக்கம். அவற்றை நாக்கால் ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, சத்தம் எந்த மாடிக்குப் போகிறது என்று கேட்பார். மேலே போய்விட்டால் சுத்தியல் மறுபடி இறங்கும்.

"செருப்ப இழுத்து இழுத்து வந்தா ஃபைனான்ஸ்காரன். ரெண்டு ரெண்டு படியா தாவுனா ரெக்சின் கடை ஆளு. மெதுவா வந்தா பேங்க்கு" என்பார். ஆட்களின் முகம் அவருக்கு அவ்வளவாக நினைவில்லை. நடைதான் நினைவு.

நாலு வருஷமாக அவருக்கு உறை தைத்துக் கொடுக்கிறேன். ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். புருவத்தில் எப்போதும் ஃபோம் தூள் ஒட்டியிருக்கும். பழைய சோபாவைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து விழும் சில்லறை, சீப்பு, ஒற்றைக் கம்மல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுப் பில்லோடு பின் குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவார். தன் தகப்பனார் வயதுள்ளவர்களைக்கூட "தம்பி" என்பார். என்னைத் "தங்கச்சி" என்பார். நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுகிறேன்.

ஒரு தியேட்டருக்கு முந்நூற்று நாற்பது சீட் தைத்துக் கொடுத்ததில்தான் இந்த நிலைமை வந்தது. ஃபோம், ரெக்சின், பெரிய மெஷின் எல்லாம் கடனுக்கு வாங்கினார். சீட் போய் மாட்டிய பத்தாம் நாள் தியேட்டரைப் பூட்டிவிட்டு முதலாளி காணாமல் போனார். "சீட்டு ஒண்ணும் கெட்டுப்போகல. உட்காரத்தான் ஆள் இல்ல" என்று அவரே சிரிப்பார். சிரிக்கும்போதும் கண் கதவு மேல்தான் இருக்கும்.

கோர்ட்டில் இலவசமாக யோசனை சொல்லும் ஒரு வக்கீலம்மா, திவால் மனு போடுங்கள் என்றார். வக்கீலம்மாவுக்குக் காசு வேண்டாம். ஆனால் மனுக் கட்டணமும், பேப்பரில் அறிவிப்புப் போடும் செலவும் சேர்ந்து பன்னிரண்டாயிரம். அதற்காகப் புதுக் கடன் வாங்கவே கூடாது. சேர்க்கிற காசை மனுவில் எழுத வேண்டும். வீட்டில் இருக்கிற பொருளை எல்லாம் எழுத வேண்டும்.

அண்ணன் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்டார். கத்தரி நாலு, சுத்தியல் மூன்று, வளைந்த ஊசி பதினொன்று. ஊசி ஒன்று காணாமல் போனதும், பொய் எழுதிக் கொடுத்ததாகிவிடுமோ என்று வேர்த்துப்போய் அறையெல்லாம் தேடினார். அது அவர் சட்டைக் காலரில்தான் குத்தியிருந்தது.

"கையில ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கே கை நிறையக் காசு கேக்குறாங்க தங்கச்சி" என்றார் என்னிடம்.

பைக் சீட், சலூன் நாற்காலி, ஆஸ்பத்திரி ஸ்டூல் என்று கிடைத்ததை எல்லாம் தைத்துக் காசு சேர்த்தார். இரண்டு முறை சேர்த்தும் நிற்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் போதும். வந்தவன் குரலை உயர்த்துவதற்கு முன்பே காசு டப்பாவைத் திறந்து கொடுத்துவிடுவார். கடன்காரர்களில் ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தால் மனுவுக்கே கெடுதல் என்று வக்கீலம்மா திட்டியும் பயம் கேட்கவில்லை.

மூன்றாம் முறை பணம் சேர்ந்தபோது, கடன் கொடுத்தவர்கள் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை மெஷினைத் தூக்கப் போவதாக அதில் இருந்தது. மனுவுக்கு நம்பர் விழுந்துவிட்டால் கோர்ட்டைக் கேட்காமல் யாரும் கை வைக்க முடியாது. பணம் கட்ட வியாழக்கிழமை நாலு மணி வரைக்கும்தான் நேரம்.

அந்த வியாழக்கிழமை காலை அவர் கையெழுத்துப் போட வக்கீலம்மாவிடம் போயிருந்தார். பல் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் வேனோடு வந்தார். ஆஸ்பத்திரிக்காகத் தைக்கக் கொடுத்து, அடுத்த வாரம் எடுப்பதாகச் சொன்ன பச்சை சோபாவை இன்றைக்கே கொடுங்கள் என்றார். வேலை முடிந்துதான் இருந்தது. நானும் அண்ணியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கிக் கொடுத்தோம். பாக்கிக் காசு கிடைத்த சந்தோஷம் எங்களுக்கு.

இரண்டு மணிக்கு அண்ணன் வந்தார். சோபா இருந்த இடத்தைப் பார்த்தார். தரையில் சதுரமாகத் தூசி மட்டும் இருந்தது.

"பச்ச சோபா எங்க?"

சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். பன்னிரண்டாயிரத்தையும் அந்த சோபாவின் இடது பக்கத்து மெத்தைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார். தன் கைக்குப் பயந்து, தானே சட்டென்று திறக்க முடியாத இடத்தில் வைத்தாராம். அண்ணியிடமும் சொல்லவில்லை. கேட்டால் அவளும் பயத்தில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தாராம்.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அது மேல படுத்துக் கெடந்திருப்பேனே" என்றாள்.

நானும் அண்ணனும் பல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் நின்றுவிட்டார். "திருடன்னு நெனச்சிட்டா? போலீசக் கூப்பிட்டா?" என்றார். நான் கதவைத் தள்ளினேன்.

இடது பக்க மெத்தையில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். தையல் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார் அண்ணன். அதற்குள் டாக்டரம்மாவே வெளியே வந்து, நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டரம்மா, என் காசு உள்ள இருக்கு. நான் திவாலு. அதுக்கு மனு போடக் கட்ட வேண்டிய காசு. நாலு மணிக்குள்ள கட்டணும்."

கன்னம் வீங்கியவர்தான் மெல்ல எழுந்தார். "அதான் இவ்வளவு நேரம் நான் எழுந்திரிக்க மனசில்லாம இருந்தேன் போல" என்று கோணிய வாயோடு சொன்னார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, பிரியுங்கள் என்றார்.

பிளேடு வைத்ததும் தையல் விரிந்தது. பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. மணி மூன்றேகால். நீங்கள் போங்கள், நான் தைத்துவிட்டு வருகிறேன் என்றேன். கேட்கவில்லை. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, அவர் மண்டியிட்டு, முதலில் தைத்த அதே ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்து மூடினார்.

கோர்ட்டுக்குள் நுழைந்தபோது நாலடிக்க ஆறு நிமிஷம். கவுண்டரில் இருந்தவர் பணத்தை வாங்கி எண்ணிவிட்டு, ரசீதைக் கொடுத்தார். உள்ளே ஐயா கையெழுத்துப் போட்டு நம்பர் வரவேண்டும், உட்காருங்கள், கூப்பிடுவார்கள் என்றார். அவர் உள்ளே எடுத்துப் போன மனுவுக்கு இன்றைக்கே நம்பர் விழுமா என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நாலு மணி அடித்தது. கவுண்டர் கதவை இறக்கினார்கள். வெளியே யாரோ நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரசீது இருந்த அண்ணனின் கை மார்புக்குப் போய் வந்தது.

உள்ளேயிருந்து ஒருவர் தாளோடு வந்து, "திவால் மனுக்காரர் யாருப்பா, நம்பர் விழுந்துடுச்சு, எழுதிக்க" என்றார். பெஞ்சுகளில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணன் எழுந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். பெஞ்சின் ரெக்சின் அவர் தொடைக்குப் பக்கத்தில் கிழிந்து, ஃபோம் வெளியே பிதுங்கியிருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.