மைக்கில் சொன்ன மனை

பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு எந்த நிலம் யார் கைக்குப் போகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே பருத்தியும் சோளமும் விளைந்த காடெல்லாம் வீட்டுமனைகளாக மாறிய சமயம் அது. ஒரே மனையின் பத்திர நகல் ஒரு வருடத்துக்குள் வேறு வேறு ஆட்களோடு என் கடைக்கு வரும். அவர்களில் வீடு கட்டியவர் யாருமில்லை. முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போடுவார்கள், பதிவு செய்வதற்கு முன்பே விலையேற்றி அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். நாங்கள் ஆனையூரில் வாடகை வீட்டில் இருந்தோம். சொந்த வீடு என்ற நினைப்பே மாதத்துக்கு மாதம் எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரியும். ஆனால் வாய்விட்டுத் திட்ட முடியாது. அந்த மனைகளை விற்றுக் கொடுத்த தரகர் என் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் மோசமானவன் இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேன் வைத்துக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போவான். வெயிலில் மனையைக் காட்டி, கையில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, அடுத்த சித்திரைக்குள் விலை இரண்டு மடங்கு என்பான். அவன் சொன்னதை முதலில் நம்பியவன் அவனேதான்.

என் மகளுக்குக் காது குத்தினோம். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர்தான் விசேஷமே. யார் என்ன செய்தார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள். அதை வைத்துத்தான் பொண்ணு பிறந்த வீட்டின் மதிப்பு. அண்ணன் மேளதாளத்தோடு வந்தான். பழத்தட்டு, பலகாரத்தட்டு, கிடா எல்லாம் வந்தபின் கடைசித் தட்டில் பட்டுத்துண்டு போர்த்தி, மாலை சாத்தி, மனைக்கு எல்லையாக நடுகிற மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்று வந்தது. மைக்கை வாங்கி, தன் மருமகளுக்கு லேஅவுட்டின் நுழைவிலேயே முகப்பு மனை என்று அறிவித்தான். கைமாற்றிவிட வாங்கியது இல்லை அது. தரகில் சேர்த்த காசையெல்லாம் போட்டு முழுசாக வாங்கியிருந்தான். பந்தலே வாய் பிளந்தது. நான் அழுதுவிட்டேன். என் மாமியார்கூட அன்று சமையலைக் குறை சொல்லவில்லை.

மகள் பேருக்குப் பதிவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது சொத்துப் பதிவார்களா? ஆவணியில் நல்ல நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னான். எங்கள் வீட்டிலும் எல்லோரும் தலையாட்டினோம்.

ஆவணி வந்தது. குறித்த நாளுக்கு முன்பே கோர்ட்டு உத்தரவும் வந்துவிட்டது. அங்கீகாரம் வாங்காத மனை எதையும் இனிப் பதியக் கூடாது. ரோடு இல்லாமல், சாக்கடை இல்லாமல், விளைந்த காட்டைத் துண்டு போட்டு விலையை ஊதிவிடுகிற விளையாட்டை நிறுத்தத்தான் அந்த உத்தரவு. அன்று காலை என் கடை வாசலில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு பதிய வந்த பெண்கள் திகைத்து நின்றார்கள். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், மதியம் என் கடையில் வந்து உட்கார்ந்தார். பாவம், அவர் போட்ட உத்தரவா அது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இப்படி ஒன்று எப்போதோ வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் மகளின் மனை ஞாபகம் வந்துவிட்டது.

கைமாற்றிச் சம்பாதித்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது ஆட்டோ ஓட்டுகிறவரும், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்ணும், நிஜமாகவே கூரை போட நினைத்தவர்களும்தான். அவர்கள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவன் ஓடி ஒளியவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், பேத்திக்கு வந்த சீர் என்று கொல்லையில் கிடந்த அந்தக் கல்லைக் காட்டிச் சிரிப்பார். தீபாவளிப் பலகாரத்தைக்கூட அண்ணன் என் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போவான். வீட்டுக்கு வாண்ணே என்றால், "சீர முடிக்காம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது?" என்பான். மைக்கை அவன் கையில் கொடுத்தவரை நான் மனசுக்குள் திட்டாத நாளில்லை.

பிறகு அரசே ஒரு வழி திறந்தது. கட்டணம் கட்டி, ரோட்டுக்கான இடத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தால் பழைய மனைகளை வரன்முறைப்படுத்தித் தருவார்கள். அண்ணன், மனை வாங்கினவர்களை எல்லாம் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து, ஆபீஸ் ஆபீசாக அலைந்தான். கடைசியில் ஒன்று இடித்தது. அதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தான். இத்தனை வருடம் கழித்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"எல்லாருக்கும் அனுமதி கெடைச்சிரும் தாயி. உள்ள போற வழிதான் அகலம் பத்தலைங்கிறாக. ஒரு பக்கம் வாய்க்கா. இன்னொரு பக்கம் பாப்பா மனை. அத ரோட்டுக்கு விட்டாத்தான் ஆகும்."

"அதுக்கு என்னைய எதுக்குண்ணே கேக்குற? பத்திரம் எம்பேருலயா இருக்கு?"

"மைக்குல சொல்லிட்டேன்ல. அன்னையிலருந்து அது எனக்கில்ல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்த மனையில் அடுப்படி எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று மனசுக்குள் எத்தனை தடவை கட்டிப் பார்த்திருப்பேன். முடியாது என்று சொன்னால் அவன் மறுபேச்சு பேசாமல் திரும்பிப் போய்விடுவான். அதுவும் தெரியும். நகல் எடுக்க வரும்போதெல்லாம் எப்போது பதிவார்கள் என்று என்னிடம் கேட்கிற அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணின் முகம் வந்து நின்றது. குடுத்துருண்ணே என்றேன்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான். அப்போதும் உள்ளே வரவில்லை. சாப்பாட்டிலிருந்து எழுந்து எச்சில் கையோடு வந்தார் மாமியார்.

"நீ குடுத்த, அவ வாங்கி ரோட்டுக்குக் குடுத்துட்டா. சீரு முடிஞ்சு போச்சு. பேசாம உள்ள வந்து சாப்புடு தம்பி."

அவன் செருப்பைக் கழற்றினான். சத்தம் கேட்டு என் மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். காது குத்தும்போது அவன் மடியில் உட்கார்ந்து அலறியவள், இப்போது அவன் தோளுக்கு நின்றாள். "எத்தனாவது தாயி படிக்கிற?" என்று கேட்டான்.

சொந்தத் தாய்மாமன் கேட்கிற கேள்வியா அது. இலை எடுத்து வருகிறேன் என்று நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.