திரைக்கு இப்பால் ஓர் இருமல்

என் மனைவி ஓய்வுபெறச் சில வருடங்களே இருக்கும்போது கல்வி முதுமாணிப் பட்டம் படிக்கத் தொடங்கினாள். நான் அவள்மீது பொறாமைப்பட்டேன். அப்போது அதற்கு அக்கறை, அவளுடைய வயது, பிரயாணக் களைப்பு என்று பல பெயர்கள் வைத்திருந்தேன். எழுபதை நெருங்கும் இந்த நேரத்தில் அந்தப் பெயர்களில் ஒன்றையும் எழுத மனம் வரவில்லை.

மதுரங்குளியில் எங்கள் வீட்டில் படித்த ஆள் என்றால் அது நான்தான். பல்கலைக்கழகத்தில் தங்கிப் படித்த கலைமாணிப் பட்டம், அதற்குமேல் பட்டப்பின் கல்வி டிப்ளோமா, பிறகு இந்தக் கடலோரப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நீண்ட காலம் அதிபர். அவள் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே தொலைக்கல்வியில் பட்டம் எடுத்தவள். வீட்டுக்கு வருகிறவர்கள் பாடசாலை விசயம், பரீட்சை விசயம் எதுவானாலும் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அதில் ஏதும் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

நானும் ஒரு காலத்தில் முதுமாணிக்குப் பதிந்திருந்தேன். சனிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டுக் கொழும்பு பஸ் ஏறுவேன். பாடங்களை எல்லாம் முடித்தேன். ஆய்வேடுதான் முடியவில்லை. என் தலைப்பு பெண்பிள்ளைகளின் இடைவிலகல், அவர்கள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்பது. நல்லதொரு வினாக்கொத்துத் தயாரித்தேன். வறுமை, திருமணம், ஆர்வமின்மை என்று கட்டங்கள் போட்டு, சரி அடையாளம் இடச் சொல்லி, ஊரின் முறைப்படி அவர்களுடைய வாப்பாமாரிடம் கொடுத்தேன். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலால் வெளியே வருகிறவர்களைப் பிடித்துக் கொடுத்தால் ஒரே நாளில் நிரப்பித் தந்துவிடுவார்கள். எவ்வளவு இலகுவான வேலை என்று நினைத்தேன். என் மேற்பார்வையாளர் முதல் அத்தியாயங்களைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதியிருந்தார். "இதில் அந்தப் பிள்ளைகள் எங்கே?"

அந்த வரியை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பிப் போகவில்லை. கேட்டவர்களுக்கு, அதிபர் வேலையில் நேரம் கிடைக்கவில்லை என்றேன். சிலர் நான் முடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை.

அவளுடைய வகுப்புகளில் பாதி சூமில் நடந்தன. மஃரிபு தொழுகைக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். நான் பால் இல்லாத இஞ்சிப் பிளேன்டி ஊற்றிக்கொண்டுபோய்க் கதவடியில் நிற்பேன். உள்ளே விரிவுரையாளர் ஒருவர், "டீச்சர், நீங்க சொன்னது நல்ல கருத்து, எல்லாரும் அதக் குறிச்சிக்கொள்ளுங்க" என்பார். அந்தக் கருத்தை நான் பல வருடங்களுக்கு முன்பே இந்த வீட்டில் சொல்லவில்லையா என்று யோசிப்பேன். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டேன். பிளேன்டி ஆறியபிறகு உள்ளே கொண்டுபோவேன்.

"என்ன, இவ்வளவு ஆறிப்போச்சி?"

"நீ கதவச் சாத்திக்கிட்டா நா என்ன செய்ய?"

ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கவேண்டிய நேரம் வந்தபோது, அவள் எடுத்தது பெண்பிள்ளைகளின் இடைவிலகல். என்னுடைய தலைப்பு. அவள் என்னிடம் வந்து கேட்டாள்தான்.

"உங்கட தலைப்பு, நா எடுத்தாப் பரவால்லையா?"

"ஆருட தலைப்பெண்டு எழுதியா வச்சிரிக்கி?" என்றேன். அன்று இரவுச் சோற்றில் உப்பு அதிகம் என்று சண்டை பிடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அவளுடைய முறை வேறு. வினாக்கொத்து இல்லை. இடையில் படிப்பை விட்ட பெண்களையே கூட்டி உட்காரவைத்து, கதைக்கவிட்டு, கைபேசியில் பதிவு செய்வாள். இதற்குக் குழுக் கலந்துரையாடல் என்று பெயர். முதலாவது குழுவைக் கனமூலையில் ஒரு வீட்டில் ஒழுங்கு செய்திருந்தாள். வருகிற ஏழெட்டுப் பெண்களும் என் பாடசாலையில் படித்தவர்கள். இப்போது அவர்களுக்கு நாற்பது வயது வரும். அவள் என்னிடம் கேட்டது மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடும்படி மட்டும்தான்.

"நானும் இரிக்கணும்," என்றேன். "நா இல்லாட்டி அவளுகள் வாய் திறக்க மாட்டாளுகள். ஆயிரம் தரம் கூப்பிட்டாலும் வெக்கப்படுவாளுகள்."

"நீங்க இருந்தாத்தான் வாய் திறக்க மாட்டாங்க."

"உனக்கு ஊரத் தெரியாது."

அவள் இந்த ஊரில் பிறந்தவள். நான் அவளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவன். ஆனாலும் அன்று அவள் மேற்கொண்டு தர்க்கம் பண்ணவில்லை.

அந்த வீட்டில் முன் ஹோலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே, எல்லா வீட்டிலும் போல, ஒரு திரை தொங்கியது. பெண்கள் உள்ளே பாயில் இருந்தார்கள். நான் இப்பால், ஹோலில், மின்விசிறிக்குக் கீழே கதிரையில். வீட்டுக்காரி திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டி எனக்குக் கட்லட்டும் தேநீரும் வைத்தாள். "சேர், நீங்க வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோசம்," என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

தொடக்கத்தில் நான் சொன்னபடிதான் நடந்தது போலிருந்தது. கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு சொல். ஓம், இல்ல, தெரியா டீச்சர். நான் கட்லட்டைச் சாப்பிட்டுக்கொண்டு மனதுக்குள் சிரித்தேன். பிறகு என் மனைவி என்ன செய்தாள் என்றால், கேள்வியை விட்டுவிட்டாள். தான் சின்ன வயதில் பாடசாலைக்குப் போன கதையைத் தொடங்கினாள். வேலிக் கடப்படியில் சேறு, அதில் விழுந்து வெள்ளைச் சட்டையெல்லாம் அப்பிய கதை. யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி, "அது ஒண்ணுமில்ல டீச்சர், எங்கட கதயக் கேளுங்க," என்றாள். அதன்பின் ஒருத்தியின் பேச்சில் ஒருத்தி ஏறி, கலகலப்பாகிவிட்டது. நான் திரைக்கு இப்பால் இருப்பதை மறந்துவிட்டார்கள்.

அப்போது ஒரு பெண் சொன்னாள். குரல் எனக்குப் பிடிபடவில்லை.

"டீச்சர், உண்மையச் சொன்னா, எங்கட பள்ளிக்கூடத்துல பொம்புளப் புள்ளைகள்ட கக்கூசுக்குக் கதவும் இல்ல, தண்ணியும் இல்ல. பெரிய புள்ள ஆனத்துக்குப் பொறகு மாசத்துல அஞ்சாறு நாள் வூட்டுலதான். பாடம் விட்டுப்போகும். திரும்பிப் போனா ஒண்ணும் வெளங்காது. அப்புடியே நிண்டதுதான். கலியாணம் பேசினது பொறகு. படிப்பு நிண்டதாலதான் கலியாணம் பேசின."

"ஓம் டீச்சர், எனக்கும் அதேதான்," என்றாள் மற்றொருத்தி. "நல்ல கக்கூசு ஒண்ணு இருந்திச்சிதானே. சேர்ட கக்கூசு. அதுக்கு மட்டும் பூட்டு."

எல்லோரும் சிரித்தார்கள்.

நான் இருமினேன்.

எனக்கு அன்று தடிமனும் இல்லை, தொண்டைக் கரகரப்பும் இல்லை. அது என் பாடசாலை இருமல். வகுப்புகளில் சத்தம் கேட்டால், விறாந்தையின் கோடியில் நின்று நான் ஒருமுறை இருமுவேன். மறுகோடி வரைக்கும் சத்தம் நின்றுவிடும். அத்தனை வருடங்களுக்குப் பிறகும் அது வேலை செய்தது. திரைக்கு அப்பால் சிரிப்பு பாதியில் அறுந்தது.

வெட்கத்தால் இருமினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் வெட்கம் வந்தது பிறகு. அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது வேறு. என் மேற்பார்வையாளர் கேட்டதைக் கட்டம் போட்ட தாள்களில் எடுக்க முடியாமல் நான் விட்டேன். அதை இவள் ஒரு பின்னேரத்தில், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேற்றில் விழுந்த கதை சொல்லி எடுத்துவிட்டாள். அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பிறகு பேசியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "எங்களுக்கு அப்ப படிப்புல ஆர்வம் இல்ல டீச்சர். சேர் எவ்வளவு சொன்னாரு. நாங்கதான் கேக்கல்ல." என் வினாக்கொத்தின் மூன்றாவது கட்டம் அது.

வீடு வந்து சேர்ந்தோம். இறங்கி, ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் தந்துவிட்டுக் கேட்டாள்:

"இருமலுக்குக் கொத்தமல்லி அவிச்சித் தரட்டா?"

"தேவல்ல."

"ஓம். அவங்க சொன்னது நல்லா வெளங்கித்தான் இருமினீங்க."

அடுத்த நாட்களில் அவள் பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் எடுத்தாள். அறைக்குள்ளிருந்து சிரிப்பு கேட்கும். பிறகு என் இருமல். திருப்பிப் போடுவாள். மறுபடி சிரிப்பு, இருமல். எதற்காக அத்தனை தரம் கேட்கிறாள் என்று போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முற்றத்தில் போய் நின்றேன்.

அந்தக் கிழமை சூமில் அவளுடைய மேற்பார்வையாளர் வந்தார். என் மகளின் வயதிருக்கும் குரல். நான் வழக்கம்போல பிளேன்டியோடு கதவடியில்.

"டீச்சர், நீங்க அனுப்பின பதிவுல இந்த இடத்துல ஒரு இருமல் கேக்குதே. அதுக்குப் பொறகு கதையே மாறுது. அது ஆரு?"

என் மனைவி என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று காத்திருந்தேன். "எங்கட இவர்தான்" என்று சொல்லி இருவரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

"அது அந்தப் பாடசாலைட பழைய அதிபர்," என்றாள்.

"அப்ப அவரையும் நேர்காணல் செய்யுங்களே. இன்னும் ரெண்டு மூணு அதிபர்மாரையும் சேத்துக்கொள்ளுங்க. இந்த இருமலப் பத்தியே ஒரு பகுதி எழுதலாம். ஆனா பொம்புளைகளத் திருப்பியும் சந்திக்கணும். இப்ப இருக்கிறது போதாது. அவங்க திருப்பி வராட்டி ஆய்வு நிக்கும்."

அவள் சம்பளமில்லாத லீவு எடுத்து, வளையலை அடகு வைத்துப் படித்த படிப்பு. அது என் ஒரு இருமலில் நின்றுபோகலாம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோப்பையை வாசலில் வைத்துவிட்டு அப்பால் போனேன்.

அவள் வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டாள். சிலர், "எல்லாம் சொன்னதுதானே டீச்சர்," என்று கதவடியிலேயே முடித்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாளாம், "சேர் வருவாரா?" இல்லை என்றதும் அந்தப் பெண்ணே மற்றவர்களைக் கூட்டினாள். நுரைச்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், மிளகாய் காயப்போட்ட முற்றத்தில் இருந்து கதைத்ததாகக் கேள்விப்பட்டேன். இந்த முறை என் மனைவி பஸ்ஸில் போனாள். பின்னேரம் வந்தபோது அவளுடைய அபாயாவில் மிளகாய் நெடி அடித்தது. முகம் நன்றாக இருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. அங்கே என்னைப் பற்றி என்னவெல்லாம் சிரித்திருப்பார்கள் என்பதைவிட, அந்தச் சிரிப்புக்குள் அவள் இருந்தாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக என் முறை வந்தது. ஹோலில் என்னைக் கதிரையில் இருத்தி, எதிரே தான் இருந்து, நடுவில் கைபேசியை வைத்தாள். தண்ணீர்க் கிளாஸ் ஒன்றையும் வைத்தாள்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் காலத்து வளப் பற்றாக்குறை, வலயக் கல்விக் காரியாலயத்தின் தாமதம் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பேச்சுப் போட்டி இல்ல. பொம்புளப் புள்ளைகள்ட கக்கூசு எப்புடி இருந்திச்சி?"

"கதவில்ல."

"உங்கட கக்கூசுப் பூட்டுட திறப்பு ஆருகிட்ட இருந்திச்சி?"

"எங்கிட்ட."

"ஏன் திறந்து குடுக்கல்ல?"

"ஆரும் கேக்கல்ல."

"கேட்டிருந்தா?"

தொண்டையில் அந்த அரிப்பு வந்தது. கிளாஸை எடுத்துக் குடித்தேன். "எங்கிட்ட வந்து கேக்க ஏலுமான ஆளா நா இருக்கல்ல," என்றேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்டக்கிக் கனமூலைல நா வேணுமெண்டுதான் இருமின," என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அடுத்த கேள்வி."

அவள் முதுமாணியை நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்து முடித்தாள். அட்டை கட்டி வந்த ஆய்வேட்டை மேசையில் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போன ஒரு நாள், அதைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். யாருடைய பெயரும் அதில் இல்லை. அதிபர்களுக்கு அ-1, அ-2, அ-3 என்று குறியீடு. நான் அ-3. நான் சொன்னதில் இரண்டு வரிகளை எடுத்திருந்தாள். என் இருமலுக்கு ஒன்றரைப் பக்கம். அ-1 யாரென்று எனக்குப் பேச்சிலேயே பிடிபட்டது, வாய்க்காரன். அவனுக்கு அரைப் பக்கம் விட்டிருந்தாள். அந்தப் பெண்கள் நுரைச்சோலையில் சொன்னவை பல பக்கங்களுக்கு ஓடின. அவற்றை இரண்டு தரம் வாசித்தேன். கதவில்லாத அந்தக் கக்கூசை அத்தனை வருடமும் நாளுக்குப் பத்துத் தரம் கடந்துபோனவன் நான்.

பின்னேரம் வந்தவள் புத்தகம் இடம் மாறியிருப்பதைக் கண்டாள்.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சன். அந்த அ-1 தேவைக்கு மிச்சமாக் கதைச்சிரிக்கான். அவனுக்கு அரப் பக்கம் குடுத்திரிக்கிறாய்."

அவள் கைப்பையைக் கழற்றாமல் என்னைப் பார்த்தாள். "அதுக்கும் பொறாமையா?"

"ஓம்," என்றேன்.

"பரவால்ல. இந்தத் தரம் இருமாமலே சொன்னீங்க," என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.