உறைப்பில்லாத ஒரு வருடம்

பாலாம்பிகை மாமி, பிரெஞ்சு பேசும் எங்கள் புலம்பெயர் நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் மிளகாய் விற்கிற கடையொன்றில் வேலை செய்கிறார். சோற்றோடு பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்ளும் ஆள். நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து அவர் வீட்டில் முதல் முறை சாப்பிட உட்கார்ந்தபோது, கத்தரிக்காய்க் குழம்பு வெளிறிக் கிடந்தது. டொக்டர் உறைப்பை நிறுத்தச் சொல்லி ஒரு வருடமாம்.

ஒரு வருடமாக மாமிக்குச் சலக்கடுப்பு, சிறுநீர் போகும்போதெல்லாம் எரிவு. கிளினிக்கில் மருந்து கொடுப்பார்கள், மாறும், காய்ச்சலோடு திரும்ப வரும். சலத்தோடு காற்றும் குமிழ் குமிழாக வருகிறது, சிலவேளை மல நாற்றமும் அடிக்கிறது என்று தொடக்கத்திலேயே தன் கணவர் சிவராசா மாமாவிடம் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் டொக்டருக்குச் சொல்லிவிட்டதாக மாமா சொன்னார்.

மாமாவின் பிரெஞ்சு எங்கள் ஆட்களிடையே பெயர்பெற்றது. பள்ளிக்கூடம், இமிக்ரேஷன், ஆஸ்பத்திரி எதுவானாலும் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். இரண்டு பக்கத்துக்கும் அவரே கதைப்பார். கூடப் போனவர் தலையாட்டினால் போதும். மாமியும் தலையாட்டினார்.

இந்த முறை மாமா வேறொருவரின் இமிக்ரேஷன் விசாரணைக்குப் போய்விட்டதால் மாமியோடு நான் போனேன். மாமி சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். என் வயதுப் பெண் டொக்டர் தட்டச்சை நிறுத்தினார். காற்று வருகிறதா என்று போன வருடமே தான் கேட்டதாகவும், அதற்குக் கணவர் ‘இல்லை’ என்று பதில் சொன்னதாகவும் சொன்னார். உறைப்பைப் பற்றித் தான் பேசவேயில்லை என்றார்.

நான் மாமியிடம் சொன்னேன். அவர் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அண்டைக்கு இந்தப் பிள்ளை என்ன கேக்கிறா எண்டு அவரிட்டைக் கேட்டனான். உறைப்புக் கனக்கத் தின்னுறதோ எண்டு கேக்கிறாவாம் எண்டவர்."

ஸ்கானில் தெரிந்தது. பெருங்குடல் சுவரில் சிறு பைகள் துருத்திக்கொண்டிருப்பது வயதானவர்கள் பலருக்கும் உள்ளதுதான். அநேகமாகத் தொந்தரவு தராது. மாமிக்கு அதிலொன்று அழற்சியாகி, சலப்பையோடு ஒட்டி, அதற்குள் துளை போட்டுவிட்டது. பெண்களுக்கு இது அரிதாம், கருப்பை நடுவில் மறைப்பாக நிற்பதால். மாமியின் கருப்பையை முன்னமே எடுத்துவிட்டார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி, சலப்பையைத் தைக்கவேண்டும். சில மாதம் வயிற்றில் மலப்பை கட்டவும் நேரலாம். இன்னும் விட்டிருந்தால் கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார் டொக்டர்.

வீட்டில் கேட்டபோது மாமா மறுக்கவில்லை.

"ஒரு சின்னப் பெட்டைக்கு முன்னாலை அதையெல்லாம் என்னெண்டு சொல்லுறது? வெக்கமாக் கிடந்தது."

"ஆருக்கு?" என்றார் மாமி. "நோய் என்ரையெல்லோ."

அதன் பிறகு அவர்கள் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள், ஒரே தமிழை.

சத்திரசிகிச்சை நாள் காலை, விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேட்க வந்த தாதி யார் மொழிபெயர்ப்பது என்று கேட்டார். பழக்கதோசத்தில் மாமா முன்னுக்கு வந்தார். மாமி என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

மாமா கட்டிலின் காலடியில் ஒதுங்கி நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "கோயிலிலை சனம் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

பல நாளுக்குப் பிறகு மாமி நேரே அவரைப் பார்த்தார்.

"உறைப்புத் தின்னக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவ எண்டு சொல்லுங்கோ. நான் நம்பினனான். அவையளும் நம்புவினம்."