மதாம் சொன்ன இரண்டு சொற்கள்

புதுச்சேரிக்கு வந்த முதல் வாரம், கடைத்தெருவில் ஒரு பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன். பி, ஏ, ஐ, என் என்று நான்கே எழுத்து. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் நான் படித்த இங்கிலீஷில் அதற்கு வலி என்று பொருள். உள்ளே ரொட்டி அடுக்கியிருந்தது. பிரெஞ்சில் ரொட்டிக்கு அதுதான் பெயராம். சொல்லும்போது மூக்கால் ‘பேன்’ என்று சொல்ல வேண்டுமாம். ஊரில் இருக்கும் தோழிகளே, வலி என்று எழுதி, பேன் என்று படித்து, ரொட்டி தின்கிற ஊரில்தான் இப்போது குடியிருக்கிறேன். இங்கேயும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் பிரெஞ்சுக்காரர் எல்லை என்று வழியில் ரயிலை நிறுத்தி, சுங்கக்காரர்கள் பெட்டியைத் திறந்து சேலைகளை உதறிப் பார்க்கிறார்கள். எழுத்து தெரிந்து சொல் தெரியாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

என் வீட்டுக்காரர் சாமுவேல் இங்கே கடல்பாலத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தவர். நான் வெள்ளைக்காரர் தெருவில் ஒரு மதாம் வீட்டில் துணி தைத்துக் கொடுத்தேன். மதாமுக்குத் தமிழ் வராது. சமையற்காரர் அந்தோணிசாமிதான் எங்களுக்கு நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். அன்று அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். துறைமுக ஆபீசிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து வாசலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மதாம் நேரே பின்கட்டுக்கு வந்து என் தோளில் கை வைத்தார். அதற்குமுன் அவர் என்னைத் தொட்டதே இல்லை.

“வோத்ர் மரி…” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு மெல்ல, “ஏ பிளெஸே” என்றார்.

மரி என்றால் பிரெஞ்சில் புருஷன். பிற்பாடு தெரிந்துகொண்டேன். வேதத்தோடு வளர்ந்த எனக்கு மரிப்பது என்றால் சாவது. அடுத்த சொல்லோ எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். எனக்குப் பதினான்கு வயதில் அப்பா இறந்தார். அடக்கத்தன்று எங்கள் பள்ளித் துரைசானி இதேபோல் என் தோளில் கை வைத்து, அப்பா ‘பிளஸ்ஸட்’ என்றார். அவர் பாக்கியவான், கர்த்தரிடம் போய்விட்டார், அழாதே என்று அதற்குப் பொருள். இப்போது மதாமின் கண்ணிலும் நீர் நின்றது. எனக்கு வேறு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் அழவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன். மதாம் வண்டி கூப்பிட்டு, ஆஸ்பத்திரி என்று சொல்லி ஏற்றிவிட்டார். பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்தப் புஷ்புஷ் வண்டி. தள்ளியவர் பக்கத்திலுள்ள கதிர்காமத்துக்காரர். ஆஸ்பத்திரியில் யார் இருக்காங்க என்று கேட்டார். வீட்டுக்காரர் தவறிட்டார் என்றேன். அதைச் சொன்ன குரல் யாருடையதோ போலிருந்தது. அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பள்ளம் மேடு பார்த்து மெதுவாகத் தள்ளினார். நானும் அவசரப்படுத்தவில்லை. எதற்காக வேகமாகப் போக வேண்டும்?

வழியெல்லாம் ஒன்றையே நினைத்தேன். இவரை எங்கே வைப்பது? இந்த ஊர்க் கல்லறை கத்தோலிக்கருடையது. நாங்கள் வேறு சபை. இடம் தருவார்களா? ஊருக்குக் கொண்டுபோவதென்றால் ரயில் நிற்கும் இடத்தில் சுங்கக்காரர்கள் அந்தப் பெட்டியையும் திறப்பார்களா? மாமியார் முகத்தில் எப்படி விழிப்பேன்? இந்த ஊர் வேண்டாம் என்று அவர் அழுது தடுத்தபோது, போகலாம் என்று நின்றவள் நான்.

ஆஸ்பத்திரியில் ஒரு கன்னியாஸ்திரியிடம் இங்கிலீஷில் உடலைக் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தாலியைச் சேலைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த நேரம் எவ்வளவு என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கடைசியில் தரை துடைத்துக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம், பொணத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

அவள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். “எந்தப் பொணம்? இன்னிக்கு இங்க யாரும் சாவலியேம்மா.”

கடல்பாலம், கிரேன் என்று திணறினேன்.

“சங்கிலி வுழுந்து கால்ல அடிபட்டவரா? அவரு கஞ்சி கேட்டுக்கினு இருக்காரு. வாங்க.”

கூடத்தின் கடைசிக் கட்டிலில் இருந்தார். முழங்கால் முழுக்கக் கட்டு, அதன்மேல் ரத்தம் ஊறியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். “எஸ்தர், எதுக்கு இப்படிப் பாக்கே? காலுதான்.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். பிறகு தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிளெஸே என்றால் காயம்பட்டவர். அந்தோணிசாமி சொல்லித்தான் தெரிந்தது. மதாம் விவரம் கேட்டபோது முகம் வெளுத்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கடலூரிலிருந்து வரும் எங்கள் குருவானவரிடம் இதைச் சொன்னேன். இரண்டு சொல்லும் ஒரு வேரில் பிறந்தவை அல்ல என்றார். பிரெஞ்சுச் சொல் அடித்துக் கன்றவைப்பதிலிருந்து வந்ததாம். இங்கிலீஷ்ச் சொல், பழங்காலத்தில் பலியின் ரத்தத்தைத் தெளித்துப் புனிதமாக்கியதிலிருந்து வந்ததாம். அப்படியானால் துரைசானியின் சொல்லில்தான் ரத்தம் இருந்திருக்கிறது.

முழங்கால் அப்புறம் மடங்கவில்லை. பாலத்திலேயே சாமான் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஊருக்கே வந்துவிடுங்கள் என்று மாமியார் சொல்லியனுப்பினார். நாங்கள் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் போனோம். ஆராதனை முடிவில், வந்திருந்த வெள்ளைக்காரக் குருவானவர் இரண்டு கைகளையும் உயர்த்தி இங்கிலீஷில் ஆசீர்வதித்தார். பிளஸ் என்ற சொல் காதில் விழுந்தது. கோயிலில் எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். நான் மட்டும் தலையை நிமிர்த்தி, ஆண்கள் பக்கத்தில் பாய்க்கு வெளியே நீண்டுகிடந்த அவர் காலைத் தேடிக்கொண்டிருந்தேன்.