குளம் தேய்க்கும் ரோபோவும் ஒரு கன்னட ரகசியமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை சாந்தியிடமிருந்து போன். “அண்ணா, உடனே வா. ரோபோ செலக்ட் பண்ணணும்!”

என்னை ஏன் கூப்பிடுகிறாள்? பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு மூடநம்பிக்கை. நான் சுயமாகத் தேர்ந்தெடுத்து வாங்கிய ஒரே இயந்திரம் மிக்சி. அது போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

சாந்தியின் வீடு ஒயிட்ஃபீல்டு பக்கம். பின்புறம் சின்னதாக ஒரு நீச்சல் குளம், மாப்பிள்ளையின் நெடுநாள் ஆசை. அதில் நீந்துவது என்னவோ பெரும்பாலும் பக்கத்து மனையின் சிமென்ட் தூசியும், மரத்திலிருந்து கொட்டுகிற பூவும்தான்.

அதைச் சுத்தம் செய்ய நீலசந்திராவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார் செல்வம். நாற்பது வயதிருக்கும். நீளக் கம்பில் பிரஷ் மாட்டி அடிவரை தேய்ப்பார். போன மாதம் பத்து நாள் ஆளையே காணோம். தண்ணீர் பச்சையாகிவிட்டது. அதனால்தான் இந்த ரோபோ யோசனை.

நான் போனபோது செல்வம் வேலையில் இருந்தார். சாந்திக்குச் சங்கடம். ஆறு வருடமாக வருகிறவர், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள்... அவர் முன்னால் எப்படி இதைப் பேசுவது?

நாங்கள் திருச்சியிலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்தவர்கள். வீட்டில் ஒரு பழக்கம் உண்டு – வேலைக்கு வருகிறவர் தமிழர் என்றால் ரகசியத்தைக் கன்னடத்தில் பேசுவது! சாந்தி லேப்டாப்பைத் திறந்து மெல்ல ஆரம்பித்தாள். “ரோபோ பந்த்ரே அவரிகே கெலசா இரல்ல...” ரோபோ வந்தால் அவருக்கு வேலை இருக்காது என்கிறாள்.

நானும் என் ஓட்டைக் கன்னடத்தில் ஆமோதித்தேன். பேட்டரியில் ஓடுகிற ஒரு மாடல், போனிலேயே இயக்கலாம், பார்க்கவும் பளபள. அதையே வாங்கலாம் என்றேன்.

குளத்துப் பக்கமிருந்து கணீரென்று ஒரு குரல். “அக்கா, அது பேடா. வயர் இரோது தொகொள்ளி!”

அது வேண்டாம், வயர் உள்ளதை வாங்குங்கள்... சொன்னவர் செல்வம்தான். இதே ஊர் நீலசந்திராவில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்தவருக்கு அந்த மொழி வராமல் எப்படி? எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “பேட்டரி பாதியில தீந்துட்டா, கொக்கி போட்டு அடியிலருந்து இழுக்கணும் சார். என் தோளு தாங்காது. தண்ணியோட தூக்குனா எவ்ளோ வெயிட்டுன்னு கேளுங்க. குப்பைக் கூடை மேல தொறக்கற மாதிரி இருக்கணும். சிமென்ட் தூசிய புடிக்கற ஃபில்டர் இருக்கா பாருங்க.”

“உங்க வேலை...?” என்று இழுத்தாள் சாந்தி.

“அது அடியத் தேய்க்கும்க்கா. படிக்கட்டு மூலைய யாரு தேய்ப்பா? தண்ணிய டெஸ்ட் பண்ணி குளோரின் யாரு போடுவா? இந்தக் கம்ப விடச் சொல்லி டாக்டரு சொல்லி ஆறு மாசமாச்சு. தோள் வலின்னுதான் அந்தப் பத்து நாளு வரல. சொன்னா வேற ஆள வெச்சுடுவீங்கன்னு பயம்...”

நாங்கள் அவரிடம் மறைத்தோம். அவர் எங்களிடம் மறைத்தார். யாருக்காக இத்தனை இரக்கப்படுகிறோமோ, அவரிடமே ஒரு வார்த்தை கேட்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

வியாழக்கிழமை ரோபோ வந்தது, செல்வம் சொன்ன மாடல். வாரம் மூன்று நாள் அவரே வந்து அதை இறக்குவதாகவும், படிக்கட்டையும் குளோரினையும் அவரே பார்த்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. முதல் நாள் அது தரையைத் தேய்த்து முடித்துக் குளத்துச் சுவரில் ஏறியபோது, தோளைப் பிடித்துக்கொள்ளாமல் நிமிர்ந்து நின்று பார்த்தாராம். தான் வேலைக்குப் போகும் மற்ற வீடுகளில் காட்டுவதற்குப் போட்டோவும் எடுத்துக்கொண்டாராம். கேட்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாந்திக்கு இப்போது ஒரே கவலை, இனி ரகசியத்தை எந்த மொழியில் பேசுவது? தெலுங்கு கற்றுக்கொள்ளலாமா என்கிறாள்.

விசாரித்துவிட்டேன். செல்வத்தின் மனைவிக்கு ஊர் சித்தூர்!