சொல்லாமல் வைத்த ஒத்திகை

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் நான். பெயர்தான் பெரிது. யாராவது ஓர் ஆசிரியர் வீட்டில் செத்தவீடு என்றால் போய்வர வான் வண்டி பிடிப்பது, மலர்வளையத்துக்குச் சொல்வது, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குப் பால்மாவும் பிஸ்கட்டும் கொண்டுபோய்க் கொடுத்து "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வருவது, இவைதான் வேலை. கலியாண வீடுகளுக்கும் வான் போகும். ஆனால் இந்தச் சில வருடங்களாக இளம் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட, மிஞ்சியிருக்கும் எங்களுக்குச் செத்தவீடுகள்தான் மிச்சம்.

தொண்டைமானாற்றுப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கும் சின்ன ஆரம்பப் பாடசாலை அது. பிள்ளைகளில் பாதிப் பேரின் தகப்பன்மார் கடலுக்குப் போகிறவர்கள். நான் கோப்பாயில் பஸ் ஏறுவேன். முதலாம் வகுப்பு ரீச்சர் மானிப்பாயிலிருந்து வருகிறவர். யாழ்ப்பாணம் வந்து இரண்டாவது பஸ் எடுத்து, நான் ஏறும்போது கைப்பையை மடியில் வைத்தபடி தூங்கி விழுந்துகொண்டிருப்பார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவருடைய கணவர் பாரிசவாதம் வந்து படுக்கையில். விடியுமுன் எழும்பிச் சமைத்து, அந்த மனுசனைத் துடைத்து, உடுப்பு மாற்றி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். ஒருநாள் பஸ்ஸில் அவர் சொன்னது நினைவிருக்கிறது: "ரீச்சர், பள்ளிக்கூடத்துக்கு வந்தாத்தான் எனக்கு மூச்சு வருது." அதில் மிகை எதுவும் இல்லை.

அவர் கதிரையில் இருந்து படிப்பித்ததை நான் கண்டதில்லை. பாயை விரித்துப் பிள்ளைகளோடு நிலத்தில்தான் இருப்பார். தை மாதத்தில் பள்ளிக்கூட வருடம் தொடங்கும்போது புதிதாக வந்து அழுகிற பிள்ளைகளை ஒன்று இடுப்பில், ஒன்று கையில் என்று வைத்துக்கொண்டே பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். அவருடைய மேசை, அந்தக் காலத்துப் பாரமான மேசை, யன்னலோரம் ஒதுக்கப்பட்டு அட்டைப்பெட்டிகள் வைக்கத்தான் உதவியது.

போன வருடம் மேலிடத்துக்குத் திடீரென்று எங்கள் மேல் அக்கறை வந்தது. ஆசிரியர்களின் மனநலம், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் சமநிலை என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். சனிக்கிழமை, காலையிலிருந்து பின்னேரம் வரை. வீட்டுக்கென்று எங்களிடம் ஒரு சனிக்கிழமை மிஞ்சியிருந்தது. வீட்டைக் கவனிப்பது எப்படி என்று படிப்பிக்க அதையும் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பலூன் தந்து, மனதிலுள்ள பாரத்தை அதில் எழுதி உடைக்கச் சொன்னார்கள். நான் "சனிக்கிழமை" என்று எழுதி உடைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாம் வகுப்பு ரீச்சர் மட்டும் பலூன்கள் வெடிக்கத் தொடங்கியதும் எழும்பிப்போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றார். வெக்கையாக்கும் என்று நினைத்து நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதே வருடம் மாரி பெருமழையாகி, பள்ளிக்கூடத்து வளவுக்குள் வெள்ளம் வந்தது. வெள்ளம் வற்றியதும் இன்னொரு அக்கறை பிறந்தது. பிள்ளைகளை ஆபத்திலிருந்து வெளியேற்றப் பழக்கவேண்டும், ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒத்திகை வைக்கவேண்டும் என்றார்கள். நல்ல விசயம்தான், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தேவையும்தான். அதைப் பழக்க ஓர் இளந்தாரிப் பயிற்றுநர் மோட்டார் சைக்கிளில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். சத்தம் கேட்டதும் பிள்ளைகளை வரிசையாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிவரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எப்போது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. "சொல்லிப்போட்டு வைச்சா அது நாடகம் சேர், சொல்லாமல் வைச்சாத்தான் உண்மை தெரியும்" என்று அவர் அதிபரிடம் சொன்னாராம். அதிபரும் சரியென்று தலையாட்டிவிட்டு, எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று பார்க்க மணிக்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் நின்றிருக்கிறார்.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்கு வந்த கையோடு சைரன் ஊதியது.

நான் மூன்றாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தபோது சுவரோடு ஒட்டி நிலத்தில் குப்புறக் கிடந்தேன். காதுகளுக்குள் விரல், வாய் ஆவென்று திறந்தபடி. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சைரன் என்றால் குண்டு போடும் பொம்பர் விமானம் வருகிறது என்று அர்த்தம். வளவில் வெட்டிய பதுங்குகுழிக்கு, பங்கருக்கு, ஓட நேரமில்லாவிட்டால் நின்ற இடத்தில் படுக்கவேண்டும், காதைப் பொத்தவேண்டும், வாயைத் திறந்து வைத்திருந்தால் குண்டு விழும் அதிர்ச்சிக்குக் காது தப்பும். எங்களுக்கு அதைத்தான் பழக்கினார்கள். கூட்டல் கழித்தலுக்கு முன்னம் அதைப் பாடமாக்கினோம். வெள்ளத்துக்கு ஒரு சைரன், குண்டுக்கு ஒரு சைரன் என்று பிரித்துப் பார்க்க இந்த உடம்புக்கு ஒருவரும் பிறகு சொல்லிக்கொடுக்கவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று இரண்டு மூன்று பேர் தாங்களும் படுத்தார்கள். வெட்கத்தோடு எழும்பினேன். வெளியே நான்காம் வகுப்பு ரீச்சர், அந்தக் காலத்தைக் காணாத பிள்ளை, தன் வகுப்பை நூல் பிடித்தமாதிரி வரிசையில் நடத்திக்கொண்டு போனது தெரிந்தது. அப்போதுதான் வகுப்புகளைப் பிரிக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம், முதலாம் வகுப்பிலிருந்து, ஒரு பிள்ளை வீரிட்டு அலறியது.

ஓடிப்போனேன். பிள்ளைகள் நடு வகுப்பில் கும்பலாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். யன்னலோர மேசைக்குக் கீழே ரீச்சர் சுருண்டு கிடந்தார். அவருக்குப் பக்கத்தில், மேசைக் காலோடு, ஒரு பெண்பிள்ளை. வாய்க்குக் கீழே நாடி பிளந்து, சட்டையெல்லாம் இரத்தம். ரீச்சரின் சேலையிலும் இரத்தம். நான் பிள்ளையைத் தூக்கினேன். அவர் அசையவில்லை. வெளியே சைரன் இன்னமும் ஊதிக்கொண்டே இருந்தது. "நிப்பாட்டுங்கோ உந்தச் சத்தத்தை!" என்று நான் கத்திய கத்து வீதிவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பிள்ளையை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காயத்தைத் தைத்து இழை போடுவித்தோம். பின்னேரத்துக்கிடையில் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. முதலாம் வகுப்பு ரீச்சருக்கு விசர் பிடித்து, பிள்ளையை மேசையில் அடித்துப்போட்டா என்றார்கள். அடுத்தநாள் அவருடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை. பயிற்றுநர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அதிபர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "விசாரணைக்கு ஆள் வருகினம். உவாட்டை இனிப் பிள்ளையளைக் குடுக்கேலாது எண்டு முடிவெடுத்தா நான் ஒண்டும் செய்யேலாது. கந்தோரிலைதான் இருத்துவினம்."

கந்தோர் என்றால் எங்கள் பள்ளிக்கூட அலுவலகம், பழைய கதிரைகள் அடுக்கியிருக்கும் ஓர் அறை. பிள்ளைகளின் முகமே தெரியாத இடம். வீட்டில் ஒரு படுக்கை, பள்ளிக்கூடத்தில் ஓர் இருட்டறை என்றால் அந்த மனுசி எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சைரனை ஊதினவன் நல்லவன், மணிக்கூடு பிடித்தவன் நல்லவன், முப்பது வருடத்துக்கு முன்னம் பழக்கினதைச் செய்தவள் மட்டும் விசரி. நலன்புரிச் சங்கம் செத்தவீட்டுக்கு மட்டுமா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பிஸ்கட் பெட்டியோடு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன்.

பிள்ளையின் தாய் முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"ரீச்சர், உங்களோடை எனக்குக் கோவமில்லை. ஆனா என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாருங்கோ."

"தங்கச்சி, அந்தச் சத்தம் எங்கடை காலத்திலை பொம்பருக்கு ஊதுறது. அவா உம்மடை பிள்ளையைக் காப்பாத்தத்தான் பாத்தவா. பிள்ளையை மேசைக்குக் கீழை இழுத்து, மேலை மூடிக்கொண்டு படுத்திருக்கிறா. அந்த அவதியிலை மேசைக் கால் இடிச்சுப்போட்டுது."

அவள் மீனைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மூடிக்கொண்டு படுத்தவாவோ?"

"ஓம். நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

நான் கண்டது மேசைக்குக் கீழே கிடந்த இரண்டு பேரை. மிச்சத்தை மனம் தானாகவே நிரப்பிக்கொண்டது. அது உண்மையில்லாமல் வேறென்னவாக இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அம்மாவும் உப்பிடித்தான் சொல்லுறவா, என்னை வயித்திலை வைச்சுக்கொண்டு குப்புறப் படுக்கேலாமல் பட்ட பாட்டை" என்றாள். விசாரணைக்குத் தானே வந்து ரீச்சருக்காகக் கதைப்பதாகவும் சொன்னாள்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி பொல்லாத ஆளில்லை. வயதானவர், எங்களைப்போல அந்தச் சத்தத்துக்குப் படுத்தவராகத்தான் இருக்கவேண்டும். அதிபரின் அறையில் எல்லோரும் இருந்தோம். தாய் எழும்பி, "சேர், ரீச்சர் என்ரை பிள்ளையைத் தன்ரை உடம்பாலை மறைச்சவா. எனக்கு முறைப்பாடு ஒண்டுமில்லை" என்றாள். நானும் எழும்பி என் பங்குக்கு நன்றாகவே கதைத்தேன். சொல்லாமல் வைத்த ஒத்திகையைப் பற்றி அதிபரின் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவர் மேசையிலிருந்த பேனையை எடுத்து எடுத்து வைத்தார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதிலை விசாரிக்க ஒண்டுமில்லை. ரீச்சர், நீங்கள் உங்கடை வகுப்பைத் தொடர்ந்து எடுங்கோ. பிள்ளையளும் வரட்டும்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பக்கத்திலிருந்த ரீச்சரின் கையைப் பிடித்தேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழும்பினார்.

"சேர், நான் ஒருத்தரையும் மூடேல்லை."



"சத்தம் கேட்ட உடனை நான்தான் முதல் மேசைக்குக் கீழை ஓடினனான். தனிய. பிள்ளையளை நான் நினைக்கவே இல்லை. அந்தப் பிள்ளை என்னைப் பாத்து எனக்குப் பின்னாலை ஓடிவந்து, என்னோடை ஒதுங்கப் பாத்தது. நான் தள்ளிவிட்டனான். காலாலை. அதுதான் நாடி வெடிச்சது."

"ரீச்சர், நீங்கள் பதட்டத்திலை கதைக்கிறியள்" என்றார் அதிகாரி.

"இல்லைச் சேர். இவ்வளவு தெளிவா நான் ஒருநாளும் கதைக்கேல்லை. திரும்ப ஊதினாலும் நான் அதைத்தான் செய்வன். என்னட்டைப் பிள்ளையளைத் தராதேங்கோ."

அந்தத் தாய் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி, எங்கள் ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனாள். அதிகாரி திரும்பக் கண்ணாடியைப் போட்டு எழுதத் தொடங்கினார்.

பின்னேரம் இருவரும் பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். எனக்கு அவர் மேல் கோபமா, பரிதாபமா, என் மேலேயே வந்த வெறுப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கடற்காற்று முகத்தில் மண்ணை அடித்தது. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"ஏன் ரீச்சர் சொன்னனீங்கள்? எல்லாம் சரிவந்த பிறகு? உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே. அந்தப் பிள்ளைகூட ஒரு வார்த்தை சொல்லேல்லை."

அவர் வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது என்னட்டைச் சொன்னது ரீச்சர். இண்டைக்குக் காலமை, நாடியிலை கட்டோடை வந்து, ஒருத்தருக்கும் கேக்காமல் என்ரை காதுக்கை சொன்னது. 'ரீச்சர், இனி நான் உங்கடை மேசைக்குக் கீழை வரமாட்டன், என்னோடை கோவிக்காதேங்கோ' எண்டு."