பொடுதலை பூத்த முற்றம்

நிலாவெளி ரோட்டில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது முற்றம் முழுக்க வெறும் மணல். காற்றடித்தால் குசினி அடுப்பு வரைக்கும் வரும். என் கணவர் எங்கிருந்தோ புல் கொண்டுவந்து பதித்தார். எங்கள் கிணற்றின் உவர்த் தண்ணீருக்கு அது கருகிப்போனது.

பக்கத்து வீட்டுக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் தனியாக வந்திருந்தார். தையல் வேலை. என்னைவிட மூத்தவர் என்பதால், முஸ்லிம்கள் அக்காவை அழைக்கும் வழக்கப்படி ராத்தா என்று கூப்பிடுவேன். அவருடைய முற்றத்தில் மண் தெரியாமல் பொடுதலை படர்ந்திருக்கும். ஒருநாள் ஒரு பேசின் நிறைய வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"இத நடுங்க தங்கச்சி. உப்புத் தண்ணிக்கும் சாகாது, மிதிச்சாலும் சாகாது."

மாரி முடிந்த கையோடு, மற்றச் செடிகள் பூக்கும் முன்பே அது பூத்துவிட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, நடுவில் ஊதா, சுற்றிலும் வெள்ளை. பூவோடு தேனீக்களும் வந்தன.

ஒரு காலையில் கேற்றைத் திறக்க வெறுங்காலோடு போன என் கணவரின் உள்ளங்காலில் தேனீ கொட்டிவிட்டது. கால் வீங்கி, சப்பாத்துப் போட ஏலாமல், வேலைக்கும் போகவில்லை.

"நாளைக்கே முழுக்கப் பிடுங்கி எறியிறன் பார்!" என்று அவர் போட்ட சத்தம் வேலி தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். பின்னேரம் ராத்தா வந்தார். முற்றத்தில் குந்தியிருந்து பொடுதலையைப் பிடுங்கத் தொடங்கினார்.

"என்ன ராத்தா செய்யிறீங்கள்?" என்று ஓடினேன்.

"நான்தானே தந்த. நானே புடுங்கிர்றன். இதுக்காக என்னோட கதைக்காம மட்டும் இருந்திடாதீங்க. இங்க எனக்குக் கதைக்க உங்கட வீட்ட விட்டா வேற ஆரு இருக்கா?"

குரல் உடைந்துவிட்டது. கதிரையில் காலை நீட்டியிருந்த என் கணவர் நொண்டிக்கொண்டு வந்தார்.

"ஐயோ, விடுங்கோ ராத்தா. அது தன்ரபாட்டில தேன் குடிச்சது. நான்தான் போய் மிதிச்சனான்."

"கால் இப்பிடி வீங்கியிருக்கே தம்பி."

"வத்திப்போடும். உள்ள வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

குடித்துவிட்டு, பிடுங்கியதையெல்லாம் நானும் ராத்தாவுமாகத் திரும்ப நட்டோம்.

கால் சுகமானதும் என் கணவர் தட்டைக் கற்கள் கொண்டுவந்து கேற்றிலிருந்து வாசல்வரை நடைபாதை போட்டார். மிஞ்சிய கற்களை வாசலிலிருந்து ராத்தாவின் வேலிவரை வரிசையாகப் பதித்தார். பிறகு அந்த இடத்தில் வேலியையும் ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பிரித்துவிட்டார்.